ஆறு பென்ஸும் ஒரு கர்தினாலும்

லண்டன் கப்பல்துறையில் தினமும் காலையில் கூலிக்கு ஆள் எடுக்கும் இடத்துக்குத் தொழிலாளர்கள் வைத்திருந்த பெயர் ‘கூண்டு’. இரும்புக் கம்பிகளுக்கு அந்தப்புறம் மேஸ்திரி நிற்பார். இந்தப்புறம் நூற்றுக்கணக்கில் ஆட்கள் முண்டியடிப்பார்கள். வேலையோ சில பத்துப் பேருக்குத்தான். மேஸ்திரியின் கண்ணில் பட வேண்டுமே என்று ஒருவர் முதுகில் இன்னொருவர் ஏறுவார். சட்டை கிழியும், காதே கிழிந்ததும் உண்டு என்று, அந்தக் கூட்டத்தில் நின்று பழகிய பென் டில்லெட் பின்னாளில் எழுதினார்.

இடிபட்டு உள்ளே போனாலும் முழு நாள் வேலைக்கு உத்தரவாதம் கிடையாது. மணிக்கு ஐந்து பென்ஸ் கூலி. சரக்கு இறங்கி முடிந்துவிட்டால் ஓரிரு மணி நேரத்தில் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள். மில்வால் துறையின் மேலாளர் கர்னல் பிர்ட், 1888-இல் பிரபுக்கள் சபைக் குழுவின் முன் சாட்சி சொன்னார். வேலைக்கு வருகிறவர்களில் பலர் முந்தின நாளிலிருந்தே ஒரு வாய் சாப்பிடாதவர்கள். ஒரு மணி நேரம் உழைத்து, அந்த ஐந்து பென்ஸைக் கையில் வாங்கியதும் எதையாவது வாங்கித் தின்ன ஓடுகிறார்கள். மாலை நான்கு மணிக்கு மேல் அவர்கள் உடம்பு ஒத்துழைப்பதில்லை என்றார். சங்கத்துக்காரர் யாரும் சொன்னதல்ல இது. சம்பளம் கொடுக்கும் தரப்பின் வாக்குமூலம்.

சென்ற இதழில் ஜெர்மனியின் மைன்ஸ் நகர ஆயர் கெட்டலரைப் பார்த்தோம். தொழிலாளர் கேள்வி பற்றி 1864-லேயே புத்தகம் போட்டவர்; 1869-இல் ஆலைத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் கூடிய திறந்தவெளிக் கூட்டத்தில் கூலி உயர்வும் ஓய்வு நாளும் நியாயமான கோரிக்கைகள் என்று பேசியவர். அவருடையது மேடையிலும் ஏட்டிலும் நடந்த வேலை. சங்கத் தலைவருக்கும் முதலாளிக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பைசா பைசாவாகப் பேரம் பேசும் வேலை இன்னொருவருக்கு வாய்த்தது. அவர் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராயர், கர்தினால் ஹென்றி எட்வர்ட் மானிங். அப்போது அவருக்கு வயது 81.

கத்தோலிக்க சமூகப் போதனையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக 1891 மே 15-இல் தொடங்குவார்கள். திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ ‘ரேரும் நோவாரும்’ என்ற சுற்றுமடலை வெளியிட்ட நாள் அது. ஆனால் அந்த மடலின் விடைகள் ரோமில் எழுதப்பட்டனவே தவிர, வினாத்தாள் தயாரானது வேறு ஊர்களில். பால்டிமோரில் ஒரு பகுதி. லண்டனின் கிழக்கு முனையில், பாப்ளர் என்ற கூலிக்காரர் பேட்டையில் இன்னொரு பகுதி.

*

1889 ஆகஸ்ட். தென் மேற்கிந்தியத் துறையில் ‘லேடி ஆர்ம்ஸ்ட்ராங்’ என்ற கப்பலிலிருந்து சரக்கு இறக்கும்போது தகராறு மூண்டது. சீக்கிரம் இறக்கினால் கொடுக்கும் ஊக்கத்தொகையை நிர்வாகம் குறைத்துவிட்டது. வேறு துறைகளுக்குப் போகும் கப்பல்களை இங்கே இழுக்கக் கட்டணத்தைக் குறைத்தார்கள். அந்தக் குறைவைக் கூலியில் ஈடுகட்டினார்கள். ஆகஸ்ட் 14-ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது.

தலைமை தாங்கிய சங்கம் மிகச் சிறியது. டில்லெட் இரண்டு வருடங்களுக்கு முன், 1887-இல், தேயிலைக் கிடங்குத் தொழிலாளர்களைக் கொண்டு தொடங்கியது. பெயரிலேயே தேயிலை உண்டு. உறுப்பினர்கள் சில நூறு பேர். (அந்த ஆண்டுகளில் லண்டன் கிடங்குகளில் வந்து குவிந்த தேயிலையில் இலங்கை மலைநாட்டுத் தேயிலையின் பங்கு ஏறிக்கொண்டே இருந்தது. பறித்தவர்கள் தமிழ்க் கூலிகள். கொழுந்து கிள்ளியவர்களும் பெட்டி சுமந்தவர்களும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே சரக்கில் வயிறு வளர்த்தார்கள்.) டில்லெட்டுக்குத் திக்குவாய் இருந்தது. அதை வென்று பேச்சாளரானவர். அவருக்குத் துணையாகப் பொறியியல் தொழிலாளிகளான டாம் மானும் ஜான் பர்ன்ஸும் வந்து சேர்ந்தார்கள், இருவரும் சோஷலிஸ்டுகள். கார்ல் மார்க்ஸின் மகள் எலினோர் மார்க்ஸ் போராட்டக் குழுவுக்குக் கடிதம் எழுதித் தந்து கணக்குப் பார்த்தார்.

கோரிக்கை சுருக்கமானது. மணிக்கு ஆறு பென்ஸ். கூடுதல் நேரத்துக்கு எட்டு பென்ஸ். கூப்பிட்டால் குறைந்தது நான்கு மணி நேர வேலை. ஆறு பென்ஸ் நாணயத்துக்கு லண்டன் தெருக்களில் ‘டானர்’ என்று பெயர். ஆக, ஊரே பேசியது டானர் பற்றித்தான்.

கப்பலுக்குள் சரக்கு அடுக்கும் கைதேர்ந்த தொழிலாளர்கள் தனிச் சங்கம் வைத்திருந்தார்கள். நல்ல சம்பளம் வாங்கியவர்கள். அவர்கள் கூலிகளோடு சேர்ந்து வெளியே வந்ததும் நிர்வாகத்தின் கணக்கு தப்பிப் போயிற்று. படகோட்டிகள், கரி சுமப்பவர்கள், வண்டிக்காரர்கள் என்று ஒவ்வொரு கூட்டமாக வெளியேற, வேலைநிறுத்தக்காரர் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. தேம்ஸ் நதி முழுக்கக் கப்பல்கள் சும்மா நின்றன.

தினமும் ஊர்வலம். பணக்காரர் நடமாடும் ‘சிட்டி’ வழியாகவே போவார்கள். ஈட்டி முனையில் அழுகிய மீன்தலையையும் வெங்காயத்தையும் குத்தித் தூக்கிவருவார்கள்: கூலிக்காரன் சாப்பாடு இதுதான், பாருங்கள் என்று. வெள்ளை வைக்கோல் தொப்பி போட்ட பர்ன்ஸ் முன்னால் நடப்பார். ஒரு கல் வீசப்படவில்லை, ஒரு கடை சூறையாடப்படவில்லை என்பதைக் கண்ட நடுத்தர வர்க்கம் முதலில் வியந்து, பிறகு பையைத் திறந்தது. கிழக்கு முனையின் சில தெருக்களில், வாடகை கேட்டு வர வேண்டாம் என்று வீட்டுக்காரர்களுக்குத் துணியில் எழுதிக் குறுக்கே கட்டியிருந்தார்கள்.

பட்டினி ஊர்வலத்தால் தீராது. நிவாரணமாக ஒரு ஷில்லிங் மதிப்புள்ள சீட்டு கொடுக்கத் தொடங்கினார்கள். அதைக் கடையில் நீட்டி உணவுப் பண்டம் வாங்கலாம். முதல் நாள் சீட்டுக் கொடுக்க உட்கார்ந்த காப்பிக்கடை வாசலில் ஆயிரக்கணக்கான பேர் மோதினார்கள். கூண்டில் பழகிய பழக்கம். முந்தாவிட்டால் கிடைக்காது என்று உடம்புக்கே தெரியும். டாம் மான் வாசற்படியில் நிலையின் ஒரு பக்கம் முதுகைச் சாய்த்து, எதிர்ப் பக்க நிலையில் காலைத் தூக்கி ஊன்றிக்கொண்டார். அந்தக் காலுக்கு அடியில் ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே போக வேண்டும். எல்லாருக்கும் உண்டு, யாரும் வெறுங்கையோடு திரும்ப மாட்டீர்கள் என்று சொல்லிக்கொண்டே மணிக்கணக்கில் அப்படியே நின்றார். கூட்டம் அடங்கிற்று. முதுகுத் தோல் உரிந்துபோனது என்று அவரே தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

ஆகஸ்ட் கடைசியில் நிதி வற்றியது. வேறு வழி தெரியாமல் லண்டன் முழுவதும் வேலைநிறுத்தம் என்று ஓர் அறிக்கை விட்டு, ஓரிரு நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள். அந்த நேரத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து தந்தி வந்தது. பிரிஸ்பேன் துறைமுகத் தொழிலாளர்கள் முதல் தவணை அனுப்பியிருந்தார்கள். பிறகு கால்பந்து மைதானங்களிலும் மேடைகளிலும் வசூலித்து, ஆஸ்திரேலியர்கள் மொத்தத்தில் 30,000 பவுனுக்கு மேல் அனுப்பினார்கள். பூமியின் மறுபக்கத்திலிருந்து ஒரு வேலைநிறுத்தத்துக்கு இவ்வளவு பணம் அதுவரை வந்ததில்லை.

பட்டினி போட்டுப் பணிய வைப்பது இனி நடக்காது. ஆனால் துறை நிர்வாகக் குழுத் தலைவர் நார்வுட் இறங்கி வருவதாகவும் இல்லை. மானிங் உள்ளே வந்த தருணம் இது.

*

இவர் பிறப்பால் எந்தப் பக்கத்து ஆள் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். தந்தை வில்லியம் மானிங் மேற்கிந்தியத் தீவு வணிகர், நாடாளுமன்ற உறுப்பினர், 1812 முதல் 1814 வரை இங்கிலாந்து வங்கியின் கவர்னர். கரீபியன் தீவுகளில் அடிமைகள் விளைவித்த சர்க்கரை வணிகத்தில் சேர்ந்த செல்வம். 1802-இல் திறக்கப்பட்ட மேற்கிந்தியத் துறை அந்தச் சர்க்கரையும் ரம்மும் வந்து இறங்குவதற்காகவே அவரைப் போன்ற வணிகர்கள் கட்டியது. வேலைநிறுத்தம் வெடித்ததும் அந்தத் துறைக் குழுமத்தில்தான். 1831-இல் தந்தை திவாலானார். அரசியலுக்குப் போக நினைத்திருந்த மகன் ஆங்கிலிக்கன் குருவானார். மணம் செய்துகொண்ட கரோலின் 1837-இல் இறந்தார். 1851-இல் கத்தோலிக்கத்துக்கு மாறி, 1865-இல் வெஸ்ட்மின்ஸ்டர் பேராயர், 1875-இல் கர்தினால்.

முதலாம் வத்திக்கான் சங்கத்தில் திருத்தந்தையின் தவறா வரத்தைக் கோட்பாடாக்க ஓடியாடி ஆள் சேர்த்தவர் இவர். சமயக் கொள்கையில் இவரை விடக் கெடுபிடியானவர் அரிது. அதே மனிதர் 1872-இல் விவசாயக் கூலிகள் சங்கம் அமைத்தபோது லண்டனில் நடந்த ஆதரவுக் கூட்ட மேடையில் ஏறினார். 1874-இல் லீட்ஸ் நகரில் உழைப்பின் கண்ணியமும் உரிமையும் பற்றி உரையாற்றினார். பசித்தவனுக்கு அண்டைவீட்டானின் ரொட்டியில் இயற்கை உரிமை உண்டு என்று அவர் 1880-களின் பிற்பகுதியில் எழுதப் போக, பத்திரிகைகள் கொதித்தன. அக்குவினாஸ் தோமா சொன்னதைத்தானே சொன்னேன் என்பது அவர் பதில். மதத்தில் பழமைவாதி என்றால் பொருளாதாரத்திலும் பழமைவாதியாகத்தான் இருப்பார் என்று நாம் போட்டு வைத்திருக்கும் கணக்கு மானிங்கிடம் செல்லாது.

இன்னொன்றும் உண்டு. கிழக்கு லண்டன் துறைமுகத் தொழிலாளர்களில் பெரும் பகுதி அயர்லாந்துக் கத்தோலிக்கர்கள். அவர்களுடைய பேராயர் இவர். மதுவிலக்குச் சங்கம் நடத்திய காலத்திலிருந்து அவர்கள் குடிசைகளுக்கும் அவருக்கும் பழக்கம் உண்டு. ஆதரவு தருவதா வேண்டாமா என்று ஆற அமர யோசிக்கக்கூடிய இடத்தில் அவர் இல்லை. மந்தையே வீதியில் நின்றது.

*

தொழிற்சங்கத்துக்காகத் திருச்சபைக்குள் அவர் வாதாடுவது இது முதல் முறையும் அல்ல. இரண்டு ஆண்டு பின்னால் போவோம்.

அமெரிக்காவில் ‘நைட்ஸ் ஆஃப் லேபர்’ என்றொரு அமைப்பு 1869-இல் பிலடெல்பியாவில் தொடங்கியது. வேலைநீக்கத்துக்குப் பயந்து ரகசியமாக இயங்கியது. சடங்கும் சத்தியப் பிரமாணமும் உண்டு. தலைவர் டெரன்ஸ் பவுடர்லி கத்தோலிக்கர். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் வந்தபின் ரகசியத்தைக் கைவிட்டார்கள். 1886-இல் உறுப்பினர் எண்ணிக்கை ஏழு லட்சத்தை எட்டியது, பெரும்பாலோர் கத்தோலிக்கர். ரகசியச் சங்கம் என்றாலே ரோமுக்கு ஃப்ரீமேசன்கள் ஞாபகம் வரும். க்யூபெக் பேராயர் டாஷெரோ ரோமுக்கு எழுதிக் கேட்டார். தன் மறைமாவட்டத்தில் இந்த அமைப்பு தடை செய்யப்பட்டது என்ற பதிலை 1884-இல் வாங்கிவிட்டார்.

தடை அமெரிக்காவுக்கும் நீண்டால்? ஒரு கையில் சங்க அட்டை, மறு கையில் ஜெபமாலை வைத்திருக்கும் லட்சக்கணக்கானவர்கள் இரண்டில் ஒன்றை விட வேண்டும். எதை விடுவார்கள் என்று பால்டிமோர் பேராயர் ஜேம்ஸ் கிப்பன்ஸுக்குச் சந்தேகமே இல்லை. கர்தினால் தொப்பி வாங்க ரோமுக்குப் போன இடத்தில், 1887 பிப்ரவரி 20 தேதியிட்ட நீண்ட விண்ணப்பம் ஒன்றைச் சமர்ப்பித்தார். அயர்லாந்து, கீன் என்ற பெயருடைய இரு ஆயர்கள் உடனிருந்து எழுதியது. சுருக்கம் இவ்வளவுதான்: இவர்கள் கேட்பது நியாயம், சேர்ந்து கேட்பது இயல்பு, மக்களின் மனத்தை இழந்தபின் பணக்காரர் சிலரின் நட்பு இருந்து என்ன பயன்? தண்டித்தால் கீழ்ப்படிய மாட்டார்கள் என்பதையும் அவர் பூசி மெழுகாமல் சொன்னார். இறையியலைவிட இந்தக் கடைசி வாதம் ரோமின் காதில் ஏறியிருக்கும் என்றே தோன்றுகிறது.

ரகசிய ஆவணம் சில நாட்களில் நியூயார்க் பத்திரிகையில் வந்துவிட்டது. கிப்பன்ஸ் பதறினார். மானிங் லண்டனிலிருந்து வெளிப்படையாகவே அவர் பக்கம் நின்று எழுதினார். 1888 ஆகஸ்டில் ரோம் முடிவு சொன்னது: விதிகளில் சில சொற்களைத் திருத்தினால் அமைப்பைச் சகித்துக்கொள்ளலாம். வாழ்த்து இல்லை, ஆசி இல்லை, சகிப்பு மட்டும். அதற்குள் சிகாகோ ஹேமார்க்கெட் குண்டுவெடிப்பின் பின்விளைவுகளாலும் தோற்ற வேலைநிறுத்தங்களாலும் நைட்ஸ் அமைப்பே கரைந்துகொண்டிருந்தது. ரோம் வேகத்துக்கு இதெல்லாம் சகஜம். ஆனாலும் தடை விழாமல் போனது பெரிய விஷயம். அதன்பின் அமெரிக்கத் தொழிற்சங்கங்களில் கத்தோலிக்கர் தயக்கமின்றிச் சேர்ந்தார்கள். தனிக் கத்தோலிக்கச் சங்கம் அங்கே தேவைப்படவே இல்லை.

*

1889 செப்டம்பர் முதல் வாரம். மானிங் துறை இயக்குநர்களைப் போய்ப் பார்த்தார். இவ்வளவு மனம் திரும்பாத சபைக்குத் தம் வாழ்நாளில் பிரசங்கம் செய்ததில்லை என்று சொன்னாராம். லண்டன் மேயர் வைட்ஹெட், ஆங்கிலிக்கன் ஆயர் ஃபிரெடரிக் டெம்பிள், தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் சிட்னி பக்ஸ்டன், மானிங் என்று ஒரு சமரசக் குழு அமைந்தது.

நிர்வாகம் ஆறு பென்ஸுக்கு இசைந்தது. ஆனால் அடுத்த ஜனவரி 1 முதல்தான் என்றது. டில்லெட்டும் பர்ன்ஸும் இதை எடுத்துச் சொல்ல ஒப்புக்கொண்டார்கள் என்று சமரசக் குழு நம்பியது. போராட்டக் குழுவோ ஒரேயடியாக நிராகரித்தது. வாக்கு மாறிவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்ட ஆயர் டெம்பிள் விடுமுறையைத் தொடர ஊரை விட்டுப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது ஒரு சாதாரண மனிதர் செய்யக்கூடியதுதான். மானிங் போகவில்லை. தேதியைப் பற்றித்தானே சண்டை, தேதியை நகர்த்திப் பார்ப்போம் என்று நவம்பர் 4 என்ற நாளைக் கையில் எடுத்தார்.

செப்டம்பர் 10, செவ்வாய் மாலை. பாப்ளரில் ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடம். போராட்டக் குழுவினர் பத்துப் பதினைந்து பேரல்ல, அறுபதுக்கு மேல். சமரசமே வேண்டாம் என்பவர்கள் கணிசம். மானிங் மணிக்கணக்கில் பேசினார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். பணத்தையும் சட்டத்தையும் விட்டுவிட்டு, இன்னும் சில வாரம் இழுத்தால் வீட்டில் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்ற கேள்விக்கு வந்தார். அவர் தூக்கிய கைக்கு நேர் மேலே சுவரில் மாதாவும் குழந்தையும் செதுக்கிய உருவம் இருந்தது. அதைச் சுற்றி ஒளி சுழன்றதுபோல் இருந்தது என்று அங்கிருந்த சிலர் சொன்னதை, அதே ஆண்டில் இந்த வேலைநிறுத்தம் பற்றிப் புத்தகம் எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள். ஒளியை நம்புவதும் நம்பாததும் வாசகர் விருப்பம். வாக்கெடுப்பில் ஆதரவு 28, எதிர்ப்பு 15. நவம்பர் 4 என்ற தேதியை வைத்துக்கொண்டு நிர்வாகத்தோடு பேச அவருக்கு அதிகாரம் கிடைத்தது.

செப்டம்பர் 14 சனிக்கிழமை ஒப்பந்தம் கையெழுத்தானது. 16 திங்கள் காலை வேலை தொடங்கியது. ஆறு பென்ஸ், எட்டு பென்ஸ், கூப்பிட்டால் குறைந்தது இரண்டு ஷில்லிங். கூலிக்காரர்கள் இதைக் ‘கர்தினால் சமாதானம்’ என்றார்கள். அடுத்த ஆண்டு அவருடைய ஆயர் பணியின் வெள்ளி விழாவில், தொழிற்சங்கக்காரர்கள் காசு சேர்த்து 160 பவுன் கொடுத்தார்கள். அதைக் கொண்டு கிழக்கு முனை மக்கள் போகும் லண்டன் ஆஸ்பத்திரியில் ஒரு படுக்கை ஏற்படுத்தினார் மானிங். டில்லெட்டின் சங்கம் புதுப் பெயரில் நாடெங்கும் பல்லாயிரம் உறுப்பினர்களாகப் பெருகியது. கைத்தொழில் தெரியாத, அன்றாடம் காய்ச்சிகளுக்குச் சங்கம் கட்ட முடியாது என்ற பழைய ஞானம் அந்த வருடத்தோடு செத்தது.

*

இப்போது ரோம். 1890-இல் இயேசு சபை இறையியலாளர் மத்தேயோ லிபெராத்தோரே முதல் வரைவை எழுதினார். டொமினிக்கன் கர்தினால் சிலியாரா அதை மாற்றி எழுதினார். பிறகு செயலாளர்கள் கைபட்டு லத்தீனில் மெருகேறியது. ஐரோப்பியக் கத்தோலிக்கப் பிரபுக்களுக்கும் முதலாளிகளுக்கும் பிடித்த ஒரு யோசனை அப்போது புழக்கத்தில் இருந்தது: முதலாளியும் தொழிலாளியும் ஒரே சங்கத்தில், பழைய கைவினைக் குழுக்களைப்போல. பிரெஞ்சு ஆலை முதலாளி லெயோன் ஆர்மெல் தன் வால்-தே-புவா நூற்பாலையில் நிஜமாகவே ஆலை நிர்வாகத்தில் தொழிலாளர் குரலுக்கு இடம் கொடுத்தவர். 1889-இல் பிரெஞ்சுத் தொழிலாளர் ஆயிரக்கணக்கானோரை ரோமுக்கு யாத்திரையாக அழைத்துப் போனவரும் அவரே. ஆனால் ஆர்மெல்கள் குறைவு. மற்றவர்கள் கையில் கலப்புச் சங்கம் என்பது முதலாளி தலைமை தாங்கும் பஜனை மடமாகத்தான் முடியும்.

1890 செப்டம்பரில் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் கத்தோலிக்கச் சமூக மாநாடு. மானிங் வரவில்லை; கடிதம் அனுப்பினார். கனத்த வேலைக்கு எட்டு மணி நேரம், இலகுவானதற்குப் பத்து என்றும், லாபத்துக்கும் கூலிக்கும் இடையிலான நியாயமான அளவைப் பகிரங்கமாக நிர்ணயிக்காத வரை அமைதி வராது என்றும் அதில் எழுதியிருந்தார். வாசித்து முடித்ததும் சபையில் ஒரு பாதி கைதட்டியது, மறு பாதி முகம் சுளித்தது. இது சோஷலிசம் என்று சொன்னவர்கள் பலர். துறைமுகத்தில் பேரம் பேசித் திரும்பியவருக்கு இது வெறும் கணக்கு.

மடல் வந்தபோது இரு தரப்புக்கும் பிடிக்காத பக்கங்கள் அதில் இருந்தன. தனிச் சொத்து இயற்கை உரிமை என்று லியோ முதலில் அழுத்திச் சொல்கிறார், சோஷலிசத்தை நிராகரிக்கிறார். வேலைநிறுத்தம் அவருக்குப் பிடித்த ஆயுதமும் அல்ல. சட்டம் முன்கூட்டியே தலையிட்டு அதன் காரணங்களைக் களைய வேண்டும் என்கிறார். ஆனால் கூலி பற்றிய பகுதிக்கு வரும்போது பேச்சு மாறுகிறது. இருவரும் சம்மதித்துத்தானே கூலி பேசினோம் என்று முதலாளி தப்ப முடியாது. சிக்கனமாக வாழும் தொழிலாளியைத் தாங்கும் அளவு கூலி இருக்க வேண்டும். அதற்குக் குறைந்ததைக் கொடுமைக்கு அஞ்சியோ கதியற்றோ ஒருவன் ஏற்றால், அவன் வன்முறைக்கு இரையானவன். கூண்டின் கம்பிகளுக்கு இந்தப் பக்கம் நின்ற எவருக்கும் இதற்கு விளக்கவுரை வேண்டியிருக்காது.

சங்கம் பற்றிய இடத்தில்தான் சுவாரசியம். சங்கம் சேர்வது இயற்கை உரிமை, அரசு அதைத் தடுக்கலாகாது என்கிறது மடல். இத்தகைய சங்கங்கள் பெருகுவது மகிழ்ச்சி என்று சொல்லும்போது, தொழிலாளர் மட்டுமே உள்ளவையானாலும் சரி, இரு தரப்பும் கலந்தவையானாலும் சரி என்று ஒரு சொற்றொடர் வருகிறது. வரைவுகளை ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள், ‘தொழிலாளர் மட்டுமே’ என்பது கடைசிக் கட்டத்தில், திருத்தந்தையின் விருப்பப்படி நுழைந்தது என்கிறார்கள். கிப்பன்ஸின் விண்ணப்பமும் மானிங்கின் பாப்ளர் மாலையும் இல்லாமல் அந்தச் சேர்க்கை நிகழ்ந்திருக்கும் என்று நம்புவது கடினம். கண்ணெதிரே இருந்த பெரிய உதாரணங்கள் இரண்டுமே கலப்புச் சங்கங்கள் அல்ல. ஒன்றில் பவுடர்லி, இன்னொன்றில் டில்லெட். அதில் டில்லெட் கத்தோலிக்கர்கூட இல்லை.

லியோவை முழு முற்போக்காளராகச் சித்திரிக்கவும் வழியில்லை. நில வரி மட்டும் போதும் என்ற பொருளாதாரச் சிந்தனையாளர் ஹென்றி ஜார்ஜுக்குத் தேர்தல் மேடை ஏறிய நியூயார்க் குரு எட்வர்ட் மெக்கிளின், ரோமுக்கு வரச் சொல்லியும் போகாததால் 1887-இல் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். அவரை மீண்டும் சேர்த்துக்கொண்டது 1892 டிசம்பரில். சங்கம் வைக்கலாம், நிலம் யாருக்குச் சொந்தம் என்று கேட்கும்போது எச்சரிக்கை தேவைப்பட்டது.

மானிங் 1891 ஜூலையில் ‘டப்ளின் ரிவ்யூ’ இதழில் மடலுக்கு விளக்கம் எழுதினார். அதற்குள் பாப்ளரில் நிலைமை கெட்டுவிட்டது. 1890 செப்டம்பரில் கப்பல் முதலாளிகள் கூட்டமைப்பு ஒன்றை ஏற்படுத்தி, சங்கத்தில் சேராத ஆட்களைத் திரட்டிப் பதிவு செய்தார்கள். சங்கத்துக்காரர் அவர்களைக் கருங்காலிகள் என்றார்கள். முதலாளிகள் ‘சுதந்திரத் தொழிலாளர்’ என்றார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் துறை நிர்வாகமும் ஆள் எடுக்கும் அதிகாரத்தைத் தன் கைக்கே திரும்ப எடுத்துக்கொண்டது. ஆறு பென்ஸ் நின்றது, சங்கம் சுருங்கியது. மானிங் 1892 ஜனவரி 14-இல் இறந்தார். கென்சல் கிரீன் இடுகாடு வரை வழி நெடுகக் கூட்டம்.

ஐரோப்பாக் கண்டத்தில் மடலின் கதை வேறு வழியில் போயிற்று. அங்கே சோஷலிஸ்டு சங்கத்துக்கு எதிராகக் கத்தோலிக்கத் தனிச் சங்கம் என்று தொழிலாளர் இயக்கமே இரண்டாகப் பிளந்தது. பிரான்சில் 1919-இல் கிறிஸ்தவத் தொழிலாளர் கூட்டமைப்பு உருவானபோது முதலாளிகள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்: நம்மவர்கள், அடங்கி இருப்பார்கள். வடக்கே ரூபே-தூர்க்குவான் ஜவுளி ஆலைகளில் அந்தச் சங்கமும் கூலி உயர்வு கேட்க ஆரம்பித்தது. தேவைப்பட்டபோது சோஷலிஸ்டுகளோடு சேர்ந்தும் நின்றது. ஆலை முதலாளிகளின் தலைவர் யூஜேன் மத்தோன், பக்தியுள்ள கத்தோலிக்கர், 1924-இல் ரோமுக்குப் புகார் மனு அனுப்பினார்: இந்தச் சங்கம் மார்க்சியம் பேசுகிறது, கண்டியுங்கள். பதில் வர ஐந்து ஆண்டுகள் ஆயின. 1929 ஜூனில் லீல் நகர ஆயர் லியெனாருக்கு வந்த அந்தக் கடிதத்தில் மத்தோன் எதிர்பார்த்த கண்டனம் இல்லை. என்ன இருந்தது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)